டெஸ் கீனன் முதுகில் எங்கள் ஊர்

டெஸ் கீனனின் முதுகில் எங்கள் ஊர் மொத்தமும் மச்சமாக முளைத்தது 1979 கரும்பு வெட்டின்போது. வீட்டுக்கு ஒன்றாக நூற்றுப் பன்னிரண்டு மச்சம். தோள்பட்டையில் சர்க்கரை ஆலை, முதுகுத்தண்டு நெடுகப் பெரிய தெரு. எந்த வீட்டில் யாருக்கு மெலனோமா என்கிற அந்தத் தோல் புற்று வருகிறதோ, அந்த வீட்டு மச்சம் கறுத்து ஓரம் பிசிறிப்போகும். ஆளைக் கடற்கரை டவுன் டாக்டரிடம் அனுப்பி வெட்டியெடுத்தால் மறுபடி பழுப்பாகும். ரெக்ஸ் டாலி மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார். அவரை அடக்கம் செய்த அன்று அந்த மச்சம் உதிர்ந்தது.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை ஆலைச் சங்கு ஊதியதும் பப்பில் டெஸ் சட்டையைக் கழற்றிக் கவுன்டரில் குப்புறச் சாய்வார். மனைவி மெர்ல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பார்ப்பாள். அந்தக் கால்மணி நேரம் ஒருவரும் பீரைத் தொடமாட்டோம். "பக்கத்து வீட்டுக் கறுப்பை என் தலையில கட்டிடாதே மெர்ல்" என்று கெஞ்சுவான் கசாப்புக்கடை நெவில். "வாயை மூடுடா. உன் வீடு சுத்தம், நீதான் அழுக்கு" என்பாள்.

தலைநகரிலிருந்து தோல் புற்று வந்தவர்களைக் கணக்கெடுக்கும் அதிகாரி ஒருவர் வந்தார். அவர் விரித்த நாட்டு வரைபடத்தில் எங்கள் பக்கம் குண்டூசி குத்த இடமில்லை. "ஆம்பளைங்களுக்கு முதுகுலதான் ஜாஸ்தி, பொம்பளைங்களுக்குக் கால்ல" என்றார். டெஸ் முதுகைப் பார்த்து, தன் பட்டியலில் விட்டுப்போன இரண்டு பேரை எழுதிக்கொண்டு கிளம்பினார்.

கீனன் வீடு மட்டும் அந்த முதுகில் இல்லை. அது ஊருக்கு வெளியே, ஓடைச்சாலையில் ஆறு மைல். "நாங்க மேப்புலயே இல்லை, எங்களுக்கு என்ன வரப்போகுது" என்று பதினொரு வருஷம் சிரித்தார்கள். இடுப்புக்குக் கீழே பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. டெஸ் கால் நிறையச் செம்புள்ளி வேறு, முழங்கால்வரை சாக்ஸ் வேறு.

1990 ஜனவரியில் ஒரு மத்தியானம், வேலிக்கம்பி கிழித்த குதிகாலுக்கு மருந்து போட மெர்ல் அவர் சாக்ஸை உருவினாள். இடுப்பிலிருந்து இறங்கிய மெல்லிய பழுப்புக் கோடு கண்ணில் பட்டது. ஓடைச்சாலை போலவே வளைந்து போன அதை விரலால் தொடர்ந்து போனாள். முழங்காலுக்குப் பின்னால் ஓடைப் பாலம். அதற்கடுத்த வளைவில், கெண்டைக்காலில், ஒற்றை மச்சம். கன்னங்கரேலென்று, ஓரம் பிசிறி.

"டெஸ், இது நம்ம வீடு."

மெர்ல் அவரை உச்சந்தலையிலிருந்து விரலிடுக்குவரை சலித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அந்த வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

"உன்னை யாரு பார்த்தா?"

"என்னை எதுக்குப் பார்க்கணும்? நான்தானே பார்க்கிறவ."

டெஸ் அவள் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு அவளைத் திருப்பி நிறுத்தினார். இடது கெண்டைக்காலின் பின்பக்கம், அவள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் கறுப்பாக ஒரு மச்சம் இருந்தது.

"எவ்வளவு பெரிசு?"

"சட்டைப் பொத்தான் அளவு."

"அடப்பாவி மனுஷா, பதினொரு வருஷமா என் பின்னாடிதானே நடந்தே!"

டாக்டர் ஆழமாக வெட்டினார். ஆனாலும் டெஸ் காலிலிருந்த மச்சம் ஆறு வாரம் மாறவேயில்லை. ஒவ்வொரு வெள்ளியும் அவர் சாக்ஸை இறக்க, நாங்கள் பீரைத் தள்ளிவைத்துவிட்டுக் குனிந்து பார்த்தோம். நெவில் அழுதேவிட்டான். ஏழாவது வெள்ளி அது பழுப்பாக இருந்தது.

இப்போதெல்லாம் சங்கு ஊதியதும் முதலில் மெர்ல்தான் காலைத் தூக்கி ஸ்டூலில் வைக்கிறாள். டெஸ் கண்ணாடி மாட்டி, குனிந்து, அவசரமில்லாமல் பார்க்கிறார். "ஒண்ணுமில்லை" என்று சொன்ன பிறகுதான் சட்டையைக் கழற்றுகிறார்.