காதுக்குறி போட்ட ஷாக்

அந்த வாஷரை வைத்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாகப் பனிவண்டி பழுது பார்க்கிறவள் நான். ஷாக் அப்சார்பரின் போல்ட் நுழையும் கண்ணுக்கும் அது உட்காரும் தாங்கிக்கும் நடுவே ஒரு வாஷர் கனத்துக்கு இடைவெளி இருந்தால், அது அந்த வண்டியின் ஷாக் இல்லை என்று நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூடச் சொல்லிவிடுவான். நான் வாஷரைச் செருகினேன், போல்ட்டை முறுக்கினேன், கையைத் துடைத்துக்கொண்டு காப்பி குடிக்கப் போனேன்.

வண்டி என் தம்பி மகள் சிரேயுடையது. மஞ்சள் நிறம், 2019ஆம் வருடத்து மாடல். மறுநாள் விடியும்போது எங்கள் பனிமான் மந்தை கடற்கரைக்குக் கிளம்புகிறது. பெண் பனிமான்கள் எல்லாம் சினை. கன்று போடுவதற்குள் கடலோர மேய்ச்சலுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். காலையில் பனியின் மேலோடு பாறை மாதிரி இறுகியிருக்கும், வெயில் ஏறினால் பொதபொதத்துப் போய்விடும். ஏற்கெனவே காற்றால் மூன்று நாள் வீணாகியிருந்தது. சிரேயின் கணவன் ஓவ்லா, கழுத்தில் மணி கட்டிய மானை இழுத்துக்கொண்டு, சறுக்குக்கட்டையில் முன்னால் போவான். சிரே கடைசியில் வருவாள், பின்னால் சறுக்குவண்டியைக் கட்டிக்கொண்டு. அதில் கூடாரம், பெட்ரோல், சாப்பாடு, பிறகு மான்தோலுக்குள் சுருண்டபடி அவளுடைய நாலு வயது மகள் இங்கேர்.

உடைந்தது, பனியில் சுழன்று வண்டியை ஓட்டும் அடிப்பட்டைக்கு நடுவே இருக்கும் ஷாக். தண்டு பாதியில் முறிந்து, மறுபாதி மலையில் எங்கோ விழுந்திருந்தது. அதனால் மொத்த நீளம் என்ன என்று அளந்து பார்க்க வழியில்லை. புதியது வாங்கினால் வந்து சேர ஒரு வாரம். சிரேயின் அப்பாவான என் தம்பி ஹெய்க்காவின் கொட்டகைக்குப் போய்ப் பழைய சாமான் பெட்டியைக் கிளறினேன். எங்கள் ஊரில் செத்த வண்டியை யாரும் தூக்கிப் போடுவதில்லை. எல்லார் வீட்டுப் பின்புறத்திலும் நாலைந்து வண்டிகள் எலும்பும் தோலுமாகக் கிடக்கும்.

பெட்டியில் ஏழெட்டு ஷாக்குகள் இருந்தன. ஒன்றின் உடம்பில் சிரேயின் குறி கீறியிருந்தது. நுனியில் இரண்டு வெட்டு, இடது ஓரத்தில் ஒரு சாய்ந்த வெட்டு. மானின் காதில் போடும் குறிதான். பெட்ரோல் கேன், கயிறு, சுத்தியல் என்று கையில் கிடைக்கிற எல்லாவற்றிலும் அதைக் கீறி வைப்பது எங்களுக்குப் பழக்கம். ஆயிரம் மான் ஓடுகிற வேலிக்குள் ஒரு காதைப் பார்த்து யாருடையது என்று சொல்லிவிடுகிற கூட்டம் நாங்கள். குறியைப் பார்த்த பிறகு வேறு எதையும் பார்க்கத் தோன்றாது. சிரேயின் குறி, ஆக சிரேயின் வண்டிக்குரிய ஷாக். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவந்தேன்.

மாட்டியபோது ஷாக்குக்குப் பக்கத்திலிருக்கும் வார் வேறு தொய்ந்து தொங்கியது. ஷாக் மாட்டியிருக்கும் முன்கை ஒரு அளவுக்கு மேல் கீழே விரியாமல் பிடித்து நிறுத்துகிற வார் அது. வண்டி பள்ளத்தில் தூக்கிப் போடும்போது இழுப்பை வார்தான் தாங்க வேண்டும், ஷாக் தாங்கக் கூடாது. பழைய வார், நீண்டு போயிருக்கும், அப்புறம் மாற்றலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாஷர் ஒன்று, வார் இன்னொன்று. வண்டி இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னது. எனக்குக் காது கேட்கவில்லை.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு ஹெய்க்கா பட்டறைக்குள் வந்தான். முழங்கால் போனதிலிருந்து அவன் மந்தையோடு போவதில்லை, ஊரில் இருந்து எல்லாருக்கும் யோசனை சொல்வதோடு சரி. கையில் துணி சுற்றிய ஷாக் ஒன்று.

"இந்தாக்கா, சிரேயோட ஸ்பேர். வண்டி வாங்கினப்பவே கூட வாங்கினது. கட்டிலுக்கடியில கெடந்துது, இப்பதான் ஞாபகம் வந்துது."

"நான்தான் நேத்தே மாட்டிட்டேனே. ஒன் கொட்டகையில இருந்துதே, அவ குறி போட்டது."

"கொட்டகையிலயா? அவளுக்கு ஒரே ஒரு ஸ்பேர்தான். இதுதான்." துணியை அவிழ்த்தான். "அக்கா, அது பிக்காவோடதா இருக்கும்."

பிக்கா எங்கள் மூத்த அக்கா. எட்டு வருடத்துக்கு முன் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். போகும்போது அவள் மான்களையும் காதுக்குறியையும் சிரேக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். எங்களில் ஆள் போனாலும் குறி போகாது, குடும்பத்தில் இன்னொருவர் கைக்கு வரும். பிக்காவும் அதே பெயர் வண்டியை, அதே மஞ்சளில் வைத்திருந்தாள். ஆனால் அது 2012ஆம் வருடத்து மாடல்.

ஹெய்க்கா கொண்டுவந்ததை வாங்கி அளவுகோல் வைத்தேன். கண்ணிலிருந்து கண்ணுக்கு எவ்வளவு என்று பார்த்தேன். 2012ஆம் வருடத்து ஷாக்கின் நீளம் எனக்கு மனப்பாடம், பிக்காவின் வண்டியை நான்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மாட்டியது இரண்டு விரற்கடை குட்டை.

குட்டை ஷாக் என்றால், வார் இறுகுவதற்கு முன்பே ஷாக் முழுதும் நீண்டு நின்றுவிடும். ஒவ்வொரு பள்ளத்திலும் மொத்த எடையின் இழுப்பும் அதன் தலைக்குத்தான். முதலில் சீல் போகும், எண்ணெய் ஒழுகும். பிறகு தலை பிய்த்துக்கொள்ளும். பிய்ந்த துண்டு பட்டைக்குள் விழுந்தால் பட்டை அப்படியே பூட்டிக்கொள்ளும். சமவெளியில் என்றால் வண்டி நிற்கும், நாலு வசவோடு போய்விடும். ஆனால் கடற்கரைக்கு இறங்குகிற கடைசிப் பள்ளத்தாக்கு செங்குத்து. அங்கே பட்டை பூட்டினால், பின்னால் வருகிற சறுக்குவண்டி முந்நூறு கிலோவோடு வந்து முதுகில் ஏறும். இங்கேர் அதில் இருக்கிறாள்.

சிரேயின் போன் கிடைக்கவில்லை. ஓவ்லாவுடையதும் கிடைக்கவில்லை. மலைக்குமேல் எங்கே சிக்னல் இருக்கிறது? ஹெய்க்காவிடம் விடாமல் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, சரியான ஷாக்கையும் ஸ்பேனர் பையையும் என் வண்டியில் கட்டிக் கிளம்பினேன். பதினோரு மணி வெயில். அந்தப் பள்ளத்தாக்குக்கு நாற்பது கிலோமீட்டர்.

மேலோடு இளக ஆரம்பித்திருந்தது. வேகமாகப் போனால்தான் மூழ்காமல் போகலாம், வேகமாகப் போனால் கல் தெரியாது. என் வாயில் வந்த வார்த்தைகளை எழுத முடியாது, எல்லாம் என்னையே திட்டியவை. மந்தை போன தடம் பெரிய சாலை மாதிரி பரந்து கிடந்தது. அதன் நடுவே சிரேயின் பட்டைத் தடமும் சறுக்குவண்டியின் இரண்டு கோடுகளும் ஓடின.

பதினைந்தாவது கிலோமீட்டரில் முதல் துளியைப் பார்த்தேன். பனியில் பழுப்பாக, கட்டைவிரல் அளவு. இறங்கி மோந்து பார்த்தேன், ஷாக் எண்ணெய்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளத்துக்குப் பக்கத்திலும் ஒரு துளி இருந்தது. ஓடை தாண்டிய இடத்தில் கையகலத்துக்கு ஒரு கறை. நிற்க நேரமில்லை, ஓட்டினேன்.

முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு துளிகள் நின்றுவிட்டன. நின்றால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஷாக்குக்குள் ஒழுக இனி எண்ணெய் இல்லை என்று அர்த்தம்.

பள்ளத்தாக்கின் விளிம்பில் வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தேன். தூரத்தில் கடல் கறுப்பாகத் தெரிந்தது. மந்தை அடிவாரத்தை எட்டி, பழுப்புப் புள்ளிகளாகப் பரவிக்கொண்டிருந்தது. சரிவின் பாதியில் மஞ்சள் வண்டி தலைகீழாகக் கிடந்தது. அதற்கு மேலே சறுக்குவண்டி ஒருக்களித்துக் கவிழ்ந்திருந்தது, மான்தோல்கள் நாலாபக்கமும் சிதறியிருந்தன. ஆள் யாரும் கண்ணில் படவில்லை.

கூப்பிட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. வண்டியை விளிம்பிலேயே விட்டுவிட்டு, முழங்கால் வரை புதையப் புதைய, விழுந்து எழுந்து இறங்கினேன்.

ஒரு பாறையின் மறுபுறத்தில் சிரே உட்கார்ந்திருந்தாள், வலது கையை இடது கையால் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. இங்கேர் அவள் மடியில் இருந்தாள். முகமெல்லாம் கண்ணீர் காய்ந்த கோடு, வாயில் ஒரு துண்டு உப்புக்கறி. என்னைப் பார்த்ததும் தொப்பி தொலைந்துபோனதாகப் புகார் சொன்னாள். நான் அவள் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தேன், இரண்டு தடவை. ஒரு கீறல் இல்லை. காலை நேரத்து இறுகிய பனியாக இருந்திருந்தால் எலும்பு நொறுங்கியிருக்கும். வெயில் பனியைப் பொதபொதவென்று ஆக்கியிருந்தது, பிள்ளை மான்தோலோடு அதில் போய்ப் புதைந்திருக்கிறாள்.

சிரேயின் வலது தோளில் காரை எலும்பு முறிந்திருந்தது, தொட்டாலே தெரிந்தது. என் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கையைக் கட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். இறங்கும்போது வண்டி சட்டென்று நின்றதாம், பின்னால் இருந்தது வந்து தள்ளியதாம். அடியில் கல் இருந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை, பிள்ளையைக் கொன்றிருப்பேன் என்றாள்.

சும்மா இருந்திருக்கலாம். கல் என்றே இருந்திருக்கும். கவிழ்ந்த வண்டியை யார் கழற்றிப் பார்க்கப் போகிறார்கள்? கழற்றினால் நான்தானே கழற்றப் போகிறேன். இந்த நினைப்பு எனக்கு வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு மூச்சு விடும் நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தேன்.

"கல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றேன். "நான் மாட்டினது தப்பான ஷாக். பிக்கா வண்டியோடது, 2012ஆம் வருஷத்துது. குறியப் பாத்தேன், ஒன்னோடதுன்னு எடுத்துட்டேன். அளந்து பாக்கல. வாஷர் வெக்க வேண்டி வந்துது, அப்பக்கூட பாக்கல."

சிரே கீழே கவிழ்ந்து கிடந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் அத்தை," என்றாள் கடைசியில். "காலைல கட்டும்போது கீழ குனிஞ்சு பாத்தேன். சாய்வு வெட்டு ஆழமா இருந்துச்சு. நான் கீறினா அப்படி வராது, அது பிக்கா அத்தை கை. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. மொத தடவையா மந்தைக்குப் பின்னால கடைசில நானே வர்றேன், அவங்களும் கூட வரட்டும்னு நீங்க வேணும்னே போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. வெளிப்படையாகவே அழுதேன். எட்டு வருடமாக அந்தக் குறியை நான் சிரேயுடையது என்றுதான் பார்த்து வந்திருக்கிறேன், அவள் அதில் என் அக்காவைப் பார்த்திருக்கிறாள். இரண்டு பேரும் குறியைப் பார்த்தோம். ஷாக்கை யாரும் பார்க்கவில்லை. இங்கேர் தன் கையுறையால் என் கன்னத்தைத் துடைத்தாள், அதிலிருந்த பனி கண்ணுக்குள் போனது.

மேலே ஏறிப் போய் என் வண்டியைச் சரிவில் மெதுவாக இறக்கி, அவர்கள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். சறுக்குவண்டியை நிமிர்த்தி, பெட்ரோல் கேன்களை இறக்கிப் போட்டுவிட்டு, தோல்களைப் பொறுக்கி உள்ளே விரித்தேன். கீழே ஓவ்லா எங்களைப் பார்த்துவிட்டான், மந்தையை விட்டுவிட்டு மேலே வரக் கிளம்பியிருந்தான். அவன் ஏறிவர முக்கால் மணி நேரமாவது ஆகும், சிரேயின் உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. இருவரையும் தோலுக்குள் படுக்க வைத்து நானே இறக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். சறுக்குவண்டியின் கொக்கியை என் வண்டியில் மாட்டிவிட்டு, இங்கேரைத் தூக்குவதற்குக் கை நீட்டினேன்.

சிரே பிள்ளையைக் கொடுக்கவில்லை.

"அத்தை, ஒங்க வண்டில இருக்கறது எந்த வருஷத்து ஷாக்?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இதே பெண் பன்னிரண்டு வயதிலிருந்து என் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டுச் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவாள், என்ன செய்தீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

2016, வண்டியோடு வந்தது, மாற்றவே இல்லை என்றேன். தலையசைத்தாள். பிறகு பிள்ளையைப் பாறை ஓரமாக நிற்க வைத்துவிட்டு, கட்டுப்போட்ட கையோடு முட்டி போட்டு, பனியில் கன்னம் படக் குனிந்து என் வண்டியின் அடியில் பார்த்தாள். இடது கையை உள்ளே விட்டு வாரை இழுத்துப் பார்த்தாள். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் திருகிப் பார்த்தாள். வலியில் அவளுக்கு மூச்சு இரைத்தது. நான் ஸ்பேனர் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

எழுந்து நின்றாள்.

"சறுக்குவண்டியக் கழட்டிடுங்க. மொதல்ல நீங்க மட்டும் எறங்கிப் போயிட்டு வாங்க," என்றாள். "நாங்க இங்கேந்து பாக்கறோம்."

கொக்கியைக் கழற்றினேன், வண்டியைக் கிளப்பினேன், தனியாக இறங்கினேன்.