குண்டப்பன் சொன்ன பொய்

மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளையைப் பெற்றவளுக்குத் தூக்கம் என்பது பேருந்து இருக்கையில் கிடைப்பதுதான். அன்றும் அம்மா அரைக்கண்ணோடுதான் வார்டுக்குள் நுழைந்தாள். ஆறு வயது மகள், வீட்டில் எல்லோருக்கும் வாண்டு, வாசலிலேயே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

வலிக்காது, வலிக்காது என்று அம்மா சொல்லிச் சொல்லி அந்தச் சொல் செல்லாக்காசாகியிருந்தது. அதனால்தான் பிள்ளைகளுக்குத் துணையாக ரோபோ வருகிறது என்றதும் அதை மலைபோல் நம்பினாள். முழங்கால் உயரம், உருண்டை முகம், பேசும்போது கண் சிமிட்டும். பிள்ளைகள் வைத்த பெயர் குண்டப்பன். "கொஞ்சம் வலிக்கும், என் கையைப் பிடிச்சுக்கோ" என்று சொல்லத்தான் அதைப் பழக்கியிருந்தார்கள். போன முறை வாண்டு அதன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதது மட்டும்தான் அம்மா கண்ணில் பட்டது.

வலிக்கும் என்று சொல்ல ஒரு இயந்திரம் எதற்கு? சிஸ்டரை நச்சரித்து, வாண்டுக்கு மட்டும் 'வலிக்காது' என்று சொல்லும்படி மாற்ற வைத்தாள். தன் வாய்க்கு இல்லாத மதிப்பு அதன் வாய்க்காவது இருக்காதா என்ற நப்பாசை. சிஸ்டரும் ஓய்ந்து போனவள். பெற்றவளே கேட்கிறாள் என்று மாற்றிவிட்டாள்.

குண்டப்பன் உருண்டு வந்து, வலிக்காது என்றான். வாண்டு முகம் மலர்ந்து கையை நீட்டினாள். முதல் குத்தில் நரம்பு அகப்படவில்லை.

பிள்ளை அழவில்லை. கையை இழுத்துக்கொண்டு குண்டப்பனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவனையும் நீ கெடுத்துட்டியாம்மா?"

சிஸ்டர் அடுத்த ஊசியைப் பிரித்தபடி நின்றாள். குண்டப்பன் கண் சிமிட்டி, மறுபடியும் வலிக்காது என்றான். அம்மாவுக்கு அதை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அறைய வேண்டியது யாரை என்று அவளுக்கே தெரியும். குண்டப்பனை நிறுத்திவிடும்படி சிஸ்டரிடம் சொன்னாள்.

"வலிக்கும் செல்லம்," என்றாள். "முன்ன குத்தினதைவிட ஜாஸ்தியாவும் வலிக்கலாம். எனக்குத் தெரியல."

வாண்டு ஒரு கையால் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டினாள். ஊசி இறங்கியதும் வார்டே அதிர அழுதாள். கையை மட்டும் இழுக்கவில்லை.