சேதுத் தீர்த்தம்

வில்வண்டியிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த பகவதியப்பனின் கையை அக்கா தாணம்மாள் ஓடிவந்து பிடித்தாள்.

"பெட்டிய வண்டிக்காரன் எடுப்பான். தீர்த்தம் எங்கலே? ராமேஸ்வரத்துத் தண்ணிக்காகத்தான் அப்பா ரெண்டு நாளா உசிரப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்காரு. வேகம் வா."

அவன் ராமேஸ்வரம் போகவே இல்லை.

மனைவி சண்முகவடிவுக்கு மார்கழிப் பனி ஆகாது, இழுப்பு வந்துவிடும். கடற்காற்று நல்லது என்று டாக்டர் சொன்னதும், தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலைபார்க்கும் மைத்துனன், கொச்சிக்குச் சரக்கேற்றிப் போகும் கப்பலில் ஓர் அறை பிடித்துத் தந்தான். போக வர ஐந்து நாள். உண்மையைச் சொன்னால் ஊர் சும்மா விடுமா? பெண்டாட்டிக்குக் குளிருகிறதென்று, இருமிக் கிடக்கும் தகப்பனை விட்டுவிட்டுக் கப்பலேறிய மகராசன் என்று குளத்தங்கரையில் சிரிப்பாய்ச் சிரித்திருப்பார்கள். அதனால் ராமேஸ்வரம் என்று சொல்லிவைத்தான். அப்பா பூதலிங்கம் பிள்ளை எழுந்து உட்கார்ந்து அவன் கன்னத்தைத் தடவினார்.

"எனக்குத்தான் கொடுத்துவைக்கல. நீயாவது போயிட்டு வா மக்கா. கொஞ்சம் தீர்த்தம் மட்டும் கொண்டா."

கப்பல் குமரிமுனையைச் சுற்றியபோது, மேல்தளத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "அன்னா பாரு, நம்ம ஊரு மருந்துவாழ்மலை" என்று மகளுக்குக் காட்டினான். அப்போதுகூடத் தீர்த்தத்தின் நினைவு வரவில்லை.

அறையில் கூடியிருந்தவர்கள் வழிவிட்டார்கள். அப்பாவின் கண் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான்.

"இன்னா, இதுல இருக்கு, குடுங்க" என்று சண்முகவடிவு கூஜாவை நீட்டினாள். அவள் தலை நிமிரவில்லை. வள்ளியூரில் பஸ் நின்றபோது காபிக்கடைக்காரனிடம் கேட்டு வாங்கிய தண்ணீர் அது.

மூன்று கரண்டி ஊற்றினான். கிழவர் கண்ணை மூடி விழுங்கினார். பிறகு கைகளைத் தூக்கி மகனைக் கும்பிட்டார். பகவதியப்பன் பதறி அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினான்.

"சேதுவுக்குப் போனவன்லா நீ" என்றார். "மிச்சத்த எல்லாருக்கும் குடு மக்கா."

பக்கத்து வீட்டுச் சிவதாணுதான் முதலில் உள்ளங்கையைக் குழித்து வந்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடித்துவிட்டு ஈரத்தைத் தலையில் தடவிக்கொண்டார். அடுத்து தாணம்மாள். அப்புறம் அறையில் இருந்த ஒவ்வொருவரும் வந்தார்கள். நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல், நீட்டிய கைகளை மட்டும் பார்த்து அவன் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

அப்பாவின் மூச்சு எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியாது. "அப்பா" என்று தாணம்மாள் அலறியபோது, அவன் முன்னால் இரண்டு சின்னக் கைகள் நீண்டிருந்தன. மகள் உலகம்மை. ஆறு வயது. காலையில் அதே கூஜாவில் வாய்வைத்துக் குடித்தவள். கப்பலைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று பஸ்ஸில் அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

கூஜாவைச் சாய்த்தான். அவள் கண்ணை மூடிக் குடித்தாள். மற்றவர்களைப் போலவே ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.