ஐந்தரை மணித்தியால ஜின்

கத்தாரில் ஆறு வருடம் இருந்துவிட்டு எத்தாளைக்குத் திரும்பிய மஸாஹிர், பெட்டிகளை எல்லாம் வேன்காரனிடம் விட்டுவிட்டு மடிக்கணினியை மட்டும் பச்சைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். அன்றிலிருந்து அது மாமனார் வீட்டு முன்னறை மேசையில் குடியேறியது. அறைக் கதவு சாத்தியிருக்கும், திரைச்சீலை இழுத்திருக்கும், உள்ளே மின்விசிறி சுற்றும். கேட்டால், கத்தார் கம்பெனி இன்னும் தன்னை விடவில்லையாம், இங்கிருந்தபடியே வேலை செய்கிறானாம்.

அவன் மனைவி அக்கீலா வார இறுதிகளில் புத்தளம் டவுனுக்குப் போய்க் கணினி டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் லினக்ஸ். அதில் ஒரு செயற்றிட்டம் செய்து கொடுத்தால்தான் சான்றிதழ். வீட்டிலே ஒரு கணினி இருக்க, அவள் கையில் போன் மட்டும்தான்.

"ஒரு மணித்தியாலம் தாங்களேன்" என்று கேட்டாள்.

"கம்பெனிட தகவல் எல்லாம் உள்ளுக்கு ஈக்கி. தொட்டுப் போடாத" என்றான் மஸாஹிர்.

சரி, தொடவேண்டாம் என்றால் தொடாமலே செய்வோம் என்று அக்கீலா முடிவெடுத்தாள். அந்த மாடலைப் பற்றிப் போனில் வாசித்துப் பார்த்ததில் ஒரு சங்கதி தெரிந்தது: அதன் வயிற்றுக்குள் ஹார்ட் டிஸ்க் பூட்ட மூன்று இடங்கள் உண்டு. மஸாஹிருடையது ஒன்றில் இருக்கிறது; மற்ற இரண்டும் வெறும் வீடு.

பாலாவிச் சந்தியில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த உடப்புக்காரர் யோகேஸ்வரன் சின்னதாய் ஒரு டிஸ்க் எடுத்துத் தந்தார். லினக்ஸையும் தன் கடைக் கணினியிலேயே அதில் ஏற்றிவிட்டார்.

"அண்ணனுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரிஞ்சா நான் ஏன் இஞ்ச வாறன்?"

யோகேஸ்வரன் டிஸ்க்கை ஒரு பையில் சுற்றி நீட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை மஸாஹிர் ஜும்ஆவுக்குப் போன நேரம் அக்கீலா மடிக்கணினியைக் குப்புறப் போட்டு, அடி மூடியைக் கழற்றி, தன் டிஸ்க்கைப் பூட்டி, மறுபடி மூடினாள். அவன் வந்து வழக்கம்போலப் பொத்தானை அழுத்தினான். வழக்கம்போல விண்டோஸ் வந்தது. பொத்தானை அழுத்திய கையோடு மேல் வரிசையில் இன்னொரு விசையையும் தட்டினால் மட்டுமே "எந்த டிஸ்க்?" என்று கணினி கேட்கும். அந்த விசையை மஸாஹிர் ஆயுளில் தொட்டதில்லை.

அவன் தூங்கும் நேரமும் கடைத்தெருவுக்குப் போகும் நேரமும் அவளுக்கு வகுப்பறையாயின. போனிலிருந்து இணையத்தை எடுத்து வேலையைச் செய்வாள், முடித்ததும் மூடிவைப்பாள். அவனுடைய டிஸ்க்கை ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

ஆனால் மஸாஹிருக்கு மூக்கில் வேர்த்தது. எண்பதில் விட்டுப்போன பெட்டரி நாற்பதில் கிடந்தது. அதைவிடப் பெரிய புதினம், கணினியின் மணிக்கூடு அடிக்கடி ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்குப் போய் நின்றது. ஐந்தும் இல்லை, ஆறும் இல்லை, அளந்து வெட்டியதுபோல ஐந்தரை.

"இதுக்குள்ள ஜின் ஈக்கி" என்றான் ஒரு நாள் சாப்பாட்டில்.

தோட்டத்தில் பீட்ரூட்டுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்திருந்த அக்கீலாவின் வாப்பா முத்தலிபு நிமிர்ந்து பார்த்தார். "ஜின்னுக்கு வேற வேலையில்லையா மருமகன், உங்கட பெட்டரியக் குடிக்க?"

அக்கீலா தண்ணீர் எடுக்கப்போகும் சாக்கில் குசினிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள்.

மணிக்கூட்டு விசயத்தை யோகேஸ்வரன்தான் போனில் விளங்கப்படுத்தினார். லினக்ஸ் கணினியின் மணிக்கூட்டில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும். பிறகு வரும் விண்டோஸ் அதையே ஊர் நேரம் என்று நம்பிவிடும். இலங்கைக்கும் அதற்கும் வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம். "ஒரு வரிக் கட்டளைதான் அக்கா, போட்டா சரி" என்று அதையும் சொல்லிக்கொடுத்தார். இண்டைக்குப் போடுவோம், நாளைக்குப் போடுவோம் என்று அக்கீலா தள்ளிப்போட்டாள். உள்ளதைச் சொன்னால், ஜின்னை அனுப்பிவிட அவளுக்கு மனம் வரவில்லை.

அதற்குள் நோன்பு வந்துவிட்டது.

மஸாஹிரின் கணினி ஐந்து நேரமும் பாங்கு சொல்லும். அப்படியொரு மென்பொருளைப் போட்டு ஸ்பீக்கரும் பூட்டியிருந்தான். பத்தாம் நோன்பன்று அவன் பகலெல்லாம் தூங்கினான், அவள் பகலெல்லாம் செயற்றிட்டம் எழுதினாள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அவன் எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு கணினியின் முன் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் ஸ்பீக்கரிலிருந்து பாங்கு முழங்கியது. நோன்பு திறக்க மேசையிலேயே தயாராய் இருந்த ஈத்தம்பழத்தை பிஸ்மி சொல்லி வாயில் போட்டான். பழம் இனித்தது. கஞ்சியைத் தேடி வெளியே வந்தான்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. கிணற்றடியில் முத்தலிபு அப்போதுதான் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன மருமகன், வாய்க்குள்ள?"

"பாங்கு செல்லிட்டே மாமா!"

"எந்த ஊர்ல? அஞ்சே முக்காலும் ஆகல்ல."

கணினி சொன்னது லுஹர் பாங்கு. அதன் கணக்கில் அப்போதுதான் நடுப்பகல். பாதிப் பழம் வாயில் இருந்தபடி மஸாஹிர் சிலையாகிப் போனான். பிறகு ஓடிப்போய்த் துப்பி வாயைக் கொப்பளித்தான்.

"தெரியாமச் செய்த. அல்லாஹ் மன்னிப்பான்" என்றார் முத்தலிபு. "ஆனா இதுக்குப் பதிலா வேறொரு நாள் ஒரு நோன்பு பிடிச்சுக் கழாச் செய்யோணும்."

அக்கீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே கட்டளையைப் போட்டுவிடுவோம் என்று பார்த்தால், மஸாஹிர் அதற்கு இடம் வைக்கவில்லை. பழைய கணினி வாங்கும் மதுரங்குளி நௌஃபருக்குப் போன் எடுத்து, மடிக்கணினியை விற்பதாகப் பேசி முடித்துவிட்டான். நாளைக்கு லுஹருக்குப் பிறகு அவர் வந்து எடுத்துப் போவாராம்.

அவளுடைய மூன்று மாத உழைப்பு அந்த வயிற்றுக்குள் கிடந்தது. கழற்றி எடுக்கவும் வழியில்லை. அவன் கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே காவல் இருந்தான்.

மறுநாள் காலை அக்கீலா அவன் இருந்த முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஜின்ன ஒருக்காப் பாத்துட்டு விக்குங்களேன்."

பொத்தானை அழுத்தி, மேல் விசையைத் தட்டினாள். கறுப்புத் திரையில் இரண்டு டிஸ்க்கின் பெயர்கள் எழுந்தன. கீழே உள்ளதைத் தெரிவு செய்ததும் வேறொரு நிறம், வேறொரு முகப்பு. நடுவில் ஆங்கிலத்தில்: அக்கீலா முத்தலிபு.

மஸாஹிர் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கணினியின் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தான். ஏசப்போகிறான் என்று அவள் தயாரானாள். அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"என்ட பக்கத்துல போய்ப் பாத்தியா?"

"இல்ல. ஏன், அங்க என்ன ஈக்கி?"

அவன் காது சிவந்ததைக் கண்டதும் அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. "கம்பெனி தகவல்தானே? காட்டுங்க. இல்லாட்டி வாப்பாவக் கூப்பிடவா? அவரும் பாக்கோணும் எண்டுதான் செல்லிக்கொண்டு ஈக்கிறார்."

அவன் கணினியை நிறுத்தி, மறுபடி விண்டோஸில் போட்டு, கடவுச்சொல்லை அடித்தான். திறந்தது ஒரு விளையாட்டு. பச்சைப்பசேலென்று தோட்டம். வரிசை வரிசையாய் வெங்காயம், மிளகாய், பீட்ரூட், தானாகச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும் குழாய், சிவப்பு உழவு இயந்திரம், மூன்று பசு. மூலையில், இருநூற்றுப் பதினேழாம் கட்டம்.

ஜன்னலுக்கு வெளியே முத்தலிபு தண்ணீர் மோட்டாரைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"வாப்பா அங்க தனியாத் தண்ணி கட்டுறாரு. நீங்க இஞ்ச பீட்ரூட் போடுறீங்களா?" அக்கீலா கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "கத்தார்லயும் இதுதானா வேல?"

"ஸ்டோர்ல சாமான் எடுத்துக் குடுக்கிற வேல" என்றான் மஸாஹிர் மெதுவாக. "கம்பெனி என்னைய எப்பயோ விட்டுட்டு. மாமாக்கு எப்பிடிச் செல்ற?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் செல்ல மாட்டன். ஆனா காலையில லெப்டொப் எனக்கு. நீங்க வாப்பாவோட தோட்டத்துக்கு."

"என்ட தோட்டம்?"

"உள்ளுக்கு இன்னொரு இடம் வெறுமையா ஈக்கி. இத அதுக்கு மாத்துவோம். வாப்பா வந்து திறந்தாலும் பாங்கும் குர்ஆனும்தான் தெரியும்."

மஸாஹிர் யோசித்தான். பிறகு நௌஃபருக்குப் போன் எடுத்து, ஜின் போய்விட்டதாகவும் விற்கவில்லை என்றும் சொன்னான். மோட்டார்ச் சத்தம் வந்த பக்கமாய்ச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போனான். மருமகன் வரப்பில் நிற்பதைக் கண்ட முத்தலிபு மண்வெட்டியை நீட்டினார்.

பெருநாள் முடிந்த கிழமை இருவரும் பாலாவிக் கடைக்குப் போனார்கள். யோகேஸ்வரன் அக்கீலாவை இதற்குமுன் கண்டதே இல்லை என்பதுபோல மஸாஹிரைப் பார்த்து, "சொல்லுங்க அண்ணன்" என்றார்.

"இதுல ஏற்கனவே ரெண்டு டிஸ்க் ஈக்கி. ரெண்டுலயும் வேற வேற சிஸ்டம். இப்ப மூணாவது போடோணும்" என்றான் மஸாஹிர்.

"ரெண்டா? ஒரே லெப்டொப்பிலயா?" யோகேஸ்வரன் புருவத்தை உயர்த்தினார்.

"ஓம். ஆனா நேரத்துல கவனமா ஈக்கோணும் தம்பி. லினக்ஸ் உலக நேரம் எழுதும், விண்டோஸ் ஊர் நேரம் எண்டு வாசிக்கும். அஞ்சர மணித்தியாலம் பிசகும். கனபேருக்கு இது தெரியாது."

"எனக்கும் இப்பதான் தெரியும் அண்ணன்" என்றார் யோகேஸ்வரன்.

அக்கீலா கடைக் கூரையில் எத்தனை தகரம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.