முழுப் புள்ளி

கரவெட்டியில் புலமைப்பரிசில் வகுப்பென்றால் தியாகலிங்கம் மாஸ்டர்தான். எந்த வினா வரும் என்று மோப்பம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஊரார் பிள்ளைகளையெல்லாம் கரையேற்றிவிட்டவருக்குச் சொந்த மகள் நிவேதனாவிடம் மட்டும் எந்தப் பாச்சாவும் பலிக்கவில்லை. ஒன்பது வயதாகியும் அவளுக்கு ஐந்துக்கு மேல் எண்ணத் தெரியாது. காலையில் சொல்லிக்கொடுத்தது மத்தியானம் மறந்துபோகும்.

யாழ்ப்பாணத்தில் அவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பேச்சுப் பயிற்சி, கைவேலை எல்லாம் அங்கே உண்டு. பத்து வயது முடியுமுன் சேர்க்க வேண்டும். அதற்கு உளவியலாளரின் அறிக்கை வேண்டும். உளவியலாளர் மிரியம், சோதனைப் பெட்டியைக் கொழும்பிலிருந்து இரவல் எடுப்பித்துச் செய்வதாகச் சொன்னார். வினாக்களை முதலில் பார்க்கலாமா என்று மாஸ்டர் கேட்டதற்கு, பயிற்சி பெற்றவர்கள் தவிர எவரும் பார்க்கக்கூடாது என்று மறுத்துவிட்டார். இதில் பாஸ், பெயில் கிடையாது என்றும் சொன்னார். அது மாஸ்டரின் காதில் ஏறவேயில்லை. சோதனை என்றால் தேற வேண்டும், அவ்வளவுதான்.

கனடாவில் அவருடைய தம்பி பஞ்சலிங்கத்தின் மகளுக்கு, பிள்ளைகளைச் சோதிக்கிற இடமொன்றில் வேலை. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, தகப்பன் அவளுடைய பையிலிருந்த அதே சோதனையின் கைநூலைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தான். எந்த விடைக்கு முழுப் புள்ளி என்பதுகூட அதில் இருந்தது. மாஸ்டர் எல்லாவற்றையும் தமிழாக்கி, பாட்டுப்போல இழுத்து இழுத்துச் சொல்லிக்கொடுத்தார். என்ன அதிசயமோ, நிவேதனா பிடித்துக்கொண்டாள். ஒரு விடையும் தப்பவில்லை. அன்றைக்கு மாஸ்டர் சந்தோஷத்தில் அழுதே விட்டார்.

சோதனை நாளில் மிரியம், கப்பலும் சைக்கிளும் எப்படி ஒன்றுபோன்றவை என்று கேட்டு முடிக்குமுன்னரே, "போக்குவரத்துச் சாதனங்கள்" என்றாள் பிள்ளை. அடுத்த விடையைக் கேள்விக்குக் காத்திராமலே சொன்னாள். மிரியம் பெட்டியை மூடிவிட்டு மாஸ்டரைப் பார்த்தார்.

"உது எங்காலை வந்தது, மாஸ்டர்?"

அவர் மறைக்கவில்லை. இன்னும் பெருமையாகத்தான் இருந்தது.

"பிள்ளைக்கு ஏலாததைப் பாக்கத்தான் மாஸ்டர் உந்தச் சோதனை. ஏலாது எண்டு தெரிஞ்சால்தான் அந்தப் பள்ளிக்கூடத்திலை எடுப்பினம். இப்ப நான் எதை எழுதுறது?"

தமிழில் செய்யக்கூடியதாக இங்கே வேறு சோதனை இல்லை. பொய் அறிக்கை எழுத மிரியத்துக்கு மனம் வரவில்லை. பிள்ளை விடைகளை மறந்தால் திரும்பச் செய்யலாமா என்று மாஸ்டர் கேட்டார். மறந்தால் செய்யலாம் என்றார் மிரியம். ஆனால் வருகிற மாசியில் பிள்ளைக்குப் பத்து வயது முடிகிறது.

மறதியை நம்பி மாஸ்டர் வீடு வந்தார். மறந்துவிட்டாளா என்று வாராவாரம் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அவள் சரியாகச் சொல்லித் தானே கைதட்டினாள். மனைவி கமலாவதிதான் கடைசியில் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்.

"நீங்கள் கேக்கக் கேக்க அவள் எப்பிடியப்பா மறப்பாள்?"

அன்றோடு கேட்பதை நிறுத்திவிட்டார். மறுநாள் பின்னேரம் நிவேதனா ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் இருந்தாள்.

"அப்பா, கேளுங்கோ."

அவர் பத்திரிகையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவள் முதலாவது விடையிலிருந்து ஒவ்வொன்றாகத் தானே சொல்லத் தொடங்கினாள்.