வாளியில் குறையாத நீர்

நீச்சல் குளத்தின் முதற்படியில், தன் கழுத்தளவு நீரில் ஒரு வாளி நின்றது. அதற்குள்ளும் குளத்து நீரே. வாளியின் உட்புறத்தில் ஒரு கோடும் வெளிப்புறத்தில் ஒரு கோடும் இட்டு, நேற்றுக் காலையில் இரு நீர்மட்டங்களையும் அவற்றோடு பொருத்தி வைத்திருந்தார்கள். நீரை வெயில் மட்டுமே குடித்திருந்தால் இரண்டும் ஒருபோலக் குறைய வேண்டும். உள்ளே நகத்தளவுதான் குறைந்திருந்தது. வெளியே இரண்டு விரற்கடை.

அவள் குனிந்தவாறே நின்றாள். இந்த வீட்டை வாங்கியபோது குளமும் கூடவே வந்தது. "ஆனையைக் கட்டித் தீனி போடுற கதை" என்று கணவர் அன்றே சொன்னார். ஆனால் தரையில் பத்தடி வைப்பதற்குள் முனகும் அவளுடைய முழங்கால்கள், நீருக்குள் இறங்கியதும் வலியை மறந்துவிடுகின்றன. நாள்தோறும் மார்பளவு நீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். குளோரின் வாடை வந்தால் மருந்து மிகுதியா, குறைவா? மழைக்குப் பின் நீர் ஏன் பச்சையாகிறது? பராமரிப்பாளரை அவள் கேளாத கேள்வியில்லை. குளத்து நீர் குறைவதற்கு, மண்ணுக்கடியில் குழாய்தான் வெடித்திருக்கும், முற்றத்தைத் தோண்ட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அதைவிடக் குளத்தையே மண்ணிட்டு மூடிவிடலாம் என்பது கணவரின் முடிவு.

வாளியிலிருந்து இரண்டு கை நீரை அள்ளி வெளியே விட்டால் கணக்கு நேராகிவிடும்; ஒழுகவில்லை, வெயில்தான் என்று சொல்லிவிடலாம். அவள் கையை உள்ளே விட்டாள். விட்ட கையை வெறுங்கையாகவே எடுத்தாள்.

சமையலறைச் சன்னலிலிருந்து கணவர் கேட்டார்: "என்ன, உள்ளயும் குறைஞ்சிருக்கா?"

"இல்லைங்க. குளம்தான் ஒழுகுது."

"அப்ப மண்ணு லாரிக்குச் சொல்லிடறேன்."

"இருங்களேன். எங்க ஓட்டைன்னே தெரியாம மூடுறது, நோய் என்னன்னு பாக்காம சாவுச் சீட்டு எழுதுற மாதிரி."

மோட்டாரை நிறுத்தி, குழாயில் நீர் ஓடாமல் வைத்திருந்தபோதும் மட்டம் இறங்கியிருந்தது. ஆகவே குழாயின் மீதே முழுப்பழியையும் சுமத்த அவளுக்கு மனம் வரவில்லை. பராமரிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"குளத்துச் சுவத்துல பதிச்ச வெளக்கு வழியாவும் தண்ணி போகலாமா தம்பி?"

"போகலாம்மா. வெளக்கு ஓரத்துல ஒரு சொட்டு மை விடுங்க. ஓட்டை இருந்தா இழுத்துக்கும். ஆனா முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சுத்தான் பாக்கணும்."

கணவருக்குச் செவிப்பறையில் துளை. குளத்தில் இறங்கக் கூடாது. அவளோ இதுவரை முகத்தைக் குளத்து நீருக்குள் விட்டவளல்லள்.

"ஷாம்பு போடுறதுக்கே கண்ணை இறுக்கிக்கிட்டு கத்துவே. நீயா முங்கப் போறே?" என்றார் கணவர். ஆயினும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காலியான சொட்டு மருந்துக் குப்பியில் சிவப்பு மையை நிரப்பிக்கொண்டு வந்தவர் அவரே. "வெளக்குலதான்னா அடைச்சிடலாம். இல்லைன்னா மண்ணுதான், சொல்லிட்டேன்."

"சரி. இப்ப பேசாதீங்க, தண்ணி ஆடும்."

முதல் முறை மூக்கில் நீரேறி, இருமிக்கொண்டே எழுந்தாள். மை புகைபோல் எங்கும் பரவிக் கலைந்தது. கணவர் சிரிக்கவில்லை. குளத்தின் விளிம்பில் முழந்தாளிட்டு, தம்மையறியாமல் தாமும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

நீர் அடங்கும்வரை காத்திருந்து மீண்டும் அமிழ்ந்தாள். கண்கள் எரிந்தன, மூடவில்லை. விளக்கைச் சுற்றிய வளையத்தின் மேல் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டாள். அது அங்கேயே தொங்கிற்று. பக்கவாட்டில் ஒன்று, அதுவும் அசையவில்லை. நெஞ்சு முட்டியது. கீழ் ஓரத்தில் கடைசிச் சொட்டு. அது சற்று நின்று, நீண்டு, நூல்போல் மெலிந்து, வளையத்தின் இடுக்கை நோக்கி மெல்லத் தலையைச் சாய்த்தது.