தேர் இறங்கும் தரை

கமலாவின் குழியில் மண் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைக் காலணி போட்ட ஒருவர் பிரபாகரின் அருகில் வந்து நின்றார்.

"இந்தப் பனி தினமும் இறங்குமா சார்?"

பிரபாகர் போதகர். கல்லூரி முதல்வர். முந்தின நாளிலிருந்து மனைவி இல்லாதவர். எதுவாக நின்று பதில் சொல்வது என்று தெரியவில்லை.

"இறங்கும்," என்றார்.

ஏற்காட்டுக் கல்லறையிலிருந்து கல்லூரிக்குத் திரும்பியபோது அந்த மனிதர் அங்கே இருந்தார். மைதானத்தைக் காலடியால் அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ராஜேந்திரன் கை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தார்.

ராஜேந்திரனும் போதகர்தான். இறையியல் படித்த நாட்களில் விடுதியில் பிரபாகருக்கு அடுத்த கட்டில். இப்போது சேலத்தில், கல்லூரியை நடத்தும் திருமண்டலத்தின் சொத்துச் செயலாளர்.

"தப்பா எடுத்துக்காதீங்க பிரதர்," என்றார். "எப்படியும் அடக்கத்துக்கு வர்றோம். ரெண்டு தடவை மலை ஏற வேண்டாமேன்னு இவரையும் கூட்டிட்டு வந்தேன். ரிசார்ட் வச்சிருக்கார்."

பிரபாகர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் அவர் அழுவதாக நினைத்தார்கள்.

அது நவம்பரில். ஏப்ரலில் சேலத்தில் கூட்டம் போட்டு அறிவித்தார்கள். கல்லூரியை மூடுகிறோம், நிலத்தை விற்கிறோம். பிரபாகர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இத்தனை ஆண்டுகள் ஒரு விளக்கை அணையாமல் காத்தார் என்று ராஜேந்திரன் பேசினார். பொன்னாடை போர்த்தினார். பிரபாகர் எழுந்து நின்று குனிந்து வாங்கிக்கொண்டார்.

காத்தது உண்மைதான். ஒவ்வொரு மே மாதமும் மலைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், சம்பந்தம் பேசுபவரைப் போல உட்கார்ந்து, கேழ்வரகுக் களி சாப்பிட்டு, பெண்பிள்ளைகளைக் கல்லூரிக்குக் கேட்டார். ஆசிரியர்கள் ஒவ்வொருவராக விலகியபோது அவர்களுடைய பாடங்களையும் எடுத்தார். கமலா சம்பளமில்லாமல் தமிழ் நடத்தினாள். கடைசியில் முப்பது சொச்சம் பேர் மிஞ்சினார்கள். பெரும்பாலும் பெண்கள்.

மலை ஏறும் பஸ்ஸில் பொன்னாடை மடியில் இருந்தது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அது நழுவியது. அவர் கல்லூரியை நினைக்கவில்லை. மைதானத்தில் நடந்த வெள்ளைக் காலணிகளை நினைத்தார். அன்றிரவு ஜெபிக்கவில்லை. ஜெபித்தால் மனம் மாறிவிடுமோ என்று பயந்தார்.

மறுநாள் அம்மாசியைப் பார்க்கப் போனார்.

அம்மாசி மேல்காடு என்ற மலைக் கிராமத்தின் ஊர்க்கவுண்டர், ஊருக்குத் தலைவர். வைகாசியில் மேல்காட்டுச் சாமி, தோளில் தூக்கும் தேரில், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகும். போகிற வழியில் கல்லூரி மைதானம். பாதி தூரம் வந்த களைப்பில் அந்தச் சமதரையில்தான் தேரை ஒருமுறை இறக்குவார்கள். தேர் இறங்கிய மண்ணைத் தோண்டக் கூடாது, அதன்மேல் சுவர் எழுப்பக் கூடாது. கல்லூரியைக் கட்டிய வெள்ளைக்காரப் போதகர்கள் அதைக் கேட்டறிந்து, அந்தத் தரையை விட்டுச் சுற்றிலும் கட்டினார்கள்.

பிரபாகர் முதல்வராக வந்த வருடம், தேர் வரும் நாளில், பல்கலைக்கழக ஆய்வுக் குழு வந்திருந்தது. கிறிஸ்தவக் கல்லூரிக்குள் மேளம் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. கேட்டைப் பூட்டினார். மழை பெய்தது. தேரைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்கள் வெளியே நின்றார்கள். பிறகு எஸ்டேட் ரோடு வழியாகச் சுற்றிப் போனார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கேட்கவில்லை. அவரும் திறக்கவில்லை. தேரை அவர்கள் வழியில் எங்கும் இறக்குவதும் இல்லை. நடந்தபடியே தோள் மாற்றிக்கொண்டார்கள்.

அம்மாசி வாசலில் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க பாஸ்டர், வழி தப்பி வந்துட்டீங்களா?"

"உங்களைப் பார்க்கத்தான்."

"கும்புடலாமுன்னா கையெல்லாம் பிசினுங்க. உக்காருங்க."

உட்கார எதுவும் இல்லை. உள்ளேயிருந்து அவருடைய பேத்தி சுதாராணி நாற்காலியோடு வந்தாள். இரண்டாம் ஆண்டு மாணவி.

"ஐயா நின்னே பேசுவாரு கண்ணு. நாற்காலிய உள்ள கொண்டுபோ."

அவள் நாற்காலியைப் போட்டுவிட்டு நின்றாள். பிரபாகர் உட்காரவில்லை.

"இந்த வருஷம் தேர் மைதானம் வழியா வரட்டும். கேட்டைத் திறந்து வைக்கிறேன்."

அம்மாசி ஒரு சுளையைப் பிரித்துக் கொட்டையை எடுத்துப் போட்டார்.

"எந்தக் கேட்டுங்க? நாங்க மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னமே, அந்தக் கேட்டுங்களா?"

"அதுதான்."

"சாவி உங்க சட்டச் சோப்புல இருந்துச்சுங்க. நீங்க அதத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டிருந்தீங்க. நானும் பாத்துக்கிட்டேதான் நின்னேன். இப்ப எங்க சாமி மேல என்னங்க புதுசாப் பாசம்?"

"நிலத்தை விக்கறாங்க. ரிசார்ட் வரப்போகுது."

"அப்ப சாமியக் காவலுக்குக் கூப்புடறீங்க."

"ஆமாம்."

அம்மாசி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "பொய் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"இத்தனை வருஷம் இறக்கலை. இப்ப இறக்கினா செல்லுமா?"

"எறக்கறது நின்னு போச்சுன்னா அது வெறும் மண்ணுங்க. மறுபடி எறக்கிட்டா எறக்குனதுதான். எங்காளு ஒருத்தன் அதுல கடப்பாரை போடமாட்டான். வெளியாளு வந்தாலும் போட உடமாட்டம்." கத்தியில் எண்ணெய் தடவினார். "இவ படிக்கறதுக்காவத்தான் உங்கள நிக்கவாச்சும் உட்டேன். இவ மாமன் சக்திவேலு கலியாணத்துக்கு நிக்கறான். படிப்பு முடியட்டும்னு அவன் வாய மூடி வெச்சிருக்கறேன். காலேசு போச்சுன்னா நான் என்னத்தச் சொல்றது? புள்ளையச் சேலத்துக்கெல்லாம் அனுப்பமாட்டம்."

"மாமன் நிக்கட்டும் தாத்தா," என்றாள் சுதாராணி. "நின்னு பழகட்டும்."

அம்மாசி சிரித்தார். பிரபாகரிடம் திரும்பியபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"சாமிய அழைக்கறதுக்கு மொற இருக்குதுங்க. வெத்தல பாக்கு, தேங்கா, பழம். தட்டுல வெச்சு, செருப்பில்லாம, கோயில் வாசல்ல ஊருக்கு முன்னால நின்னு கூப்புடோணும். ஊட்டு வாசல்ல வந்து காதோட சொன்னா ஆகாது."

ஒரு போதகர் அப்படி நின்றால் திருமண்டலம் என்ன செய்யும் என்று பிரபாகருக்குத் தெரியும். அம்மாசிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வெள்ளை அங்கியைக் கழற்றிவிட்டு மேல்காட்டுக்கு நடந்தார். தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக் கோயில் வாசலில் நின்றார். பேச்சை நிறுத்திவிட்டு ஊர் பார்த்தது. அம்மாசி உடனே வாங்கவில்லை. வெயில் ஏறும்வரை நிற்க வைத்தார். யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள்.

"சத்தமாச் சொல்லுங்க," என்றார் அம்மாசி. "கெழவிங்களுக்குக் காது கேக்காது."

பிரபாகர் சத்தமாகச் சொன்னார். தரை சுட்டது. கால் மாற்றிக்கொள்ளவில்லை. இது ராஜேந்திரனின் கணக்கில் சேரும் என்று நினைத்துக்கொண்டார்.

தேர் வரும் நாளன்று மதியமே கேட்டின் முன்னால் கார் வந்து நின்றது. படம் சேலத்துக்குப் போயிருந்தது. ராஜேந்திரன் இறங்கினார். வெள்ளைக் காலணிக்காரர் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

கேட்டின் உள்பக்கம் பிரபாகர் நின்றார். பூட்டு தொங்கியது.

"என்ன காரியம் பண்றீங்க பிரதர்?" என்றார் ராஜேந்திரன். "பேராயர் அந்தப் படத்தைப் பார்த்துட்டு ரெண்டு நாள் சாப்பிடலை."

"ஒரு கூட்டத்துக்கு வரச்சொல்லுங்க. பொன்னாடை போர்த்தறேன்."

ராஜேந்திரன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "சண்டை போட வரலை. வழி ஒண்ணு கொண்டுவந்திருக்கேன். இவர் ரெண்டு வருஷம் பொறுக்கச் சம்மதிச்சிருக்கார். இப்ப முன்பணம் தர்றார். அதுல வாத்தியார்களுக்குச் சம்பளம் ஓடும். இருக்கிற பிள்ளைங்க படிச்சு முடிச்சுட்டுப் போகட்டும். நீங்களே முதல்வர். அதுக்கப்புறம்தான் விற்பனை."

"எனக்கு அவசரமில்ல சார்," என்றது காருக்குள் இருந்த குரல்.

"தேர் உள்ளே வந்தா இவர் போயிடுவார். இவர் போனா ஜூன்ல கல்லூரி திறக்காது. திருமண்டலத்தில பைசா இல்லைன்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

பேராயரைத் தொலைபேசியில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். பேராயர் அதையே சொன்னார். வார்த்தை கொடுக்கிறேன் என்றார். வயதானவர். பொய் பேசிப் பழக்கமில்லாதவர். பிரபாகருக்கு அது தெரியும். பூட்டைத் திறக்காமல் இருந்தால் போதும். கை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

தூரத்தில் மேளம் கேட்டது. மேல்காட்டு இறக்கத்தில் தேர் வந்துகொண்டிருந்தது.

கல்லூரியில் மிஞ்சிய பெண்களை நினைத்துப் பார்த்தார். பெயர் பெயராக நினைவு வந்தது. யார் வீட்டில் எந்த மாமன் நிற்கிறான் என்பதுகூடத் தெரியும். சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தவர் மறுபடி உள்ளே போட்டார்.

ராஜேந்திரன் மூச்சு விட்டார். "நல்லது பிரதர்."

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"கமலாவைப் புதைச்ச அன்னிக்கு இவரை ஏன் கூட்டிட்டு வந்தீங்க?"

ராஜேந்திரன் புரியாமல் பார்த்தார். காரைத் திரும்பிப் பார்த்தார். "இவரா? அன்னிக்கா வந்தார்?" யோசித்தார். "இவர் முதல்ல வந்தது கிறிஸ்துமஸுக்கு அப்புறம்னு நினைச்சேன்." பிறகு நினைவு வந்தது. "ஓ. ஆமாம். அடக்கத்தன்னிக்கு. சாரி பிரதர். அதை மனசுல வச்சிருந்தீங்களா?" கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க. நிஜமாவே. சரி, அவங்க வர்றதுக்குள்ள நாம உள்ளே போயிடலாமா?"

இத்தனை மாதமும் பிரபாகர் அந்த நாளை மணி மணியாக வைத்திருந்தார். எதிரியும் எங்கோ ஒரு மூலையில் அதை வைத்திருப்பான், அவனுக்கும் அது உறுத்தும் என்று நம்பியிருந்தார். ராஜேந்திரனிடம் அந்த நாளே இல்லை.

சாவியை எடுத்தார். பூட்டு துருவேறியிருந்தது. இரண்டு கைகளாலும் திருக வேண்டியிருந்தது.

"பிரதர், பிள்ளைங்க," என்றார் ராஜேந்திரன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

கேட்டின் இரண்டு கதவுகளையும் சுவர்வரை தள்ளினார். அம்மாசிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டாவது முறை அவர்களை வெளியே நிறுத்த முடியாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மை. ஆனால் அதற்காகத் திறக்கவில்லை.

"காரை எடுங்க," என்றார். "தேர் வர்ற வழி."

ராஜேந்திரன் போய்க் காரில் ஏறினார். கார் பின்னால் போய் ஓரமாக நின்றது. மேளம் வந்தது. தேரைத் தூக்கியவர்கள் கேட்டருகில் வந்ததும் தயங்கினார்கள். அம்மாசி முன்னால் நடந்தார். தேர் உள்ளே வந்தது. தேவாலயத்தைக் கடந்து மைதானத்தின் நடுவுக்குப் போயிற்று. தோளில் இருந்தவர்கள் ஒன்றாக முழங்கால் மடித்தார்கள். மரக்கால்கள் புல்லில் அழுந்தின. பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு கிழவன் மண்ணைத் தொட்டு வாய்விட்டு அழுதான்.

பிரபாகர் அதைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் காலணிக்காரர் ராஜேந்திரனிடம் ஏதோ சொன்னார். ராஜேந்திரன் பதில் சொன்னார். காலணிக்காரர் தலையை ஆட்டினார். இல்லை என்று ஆட்டினார். கண்ணாடி மேலே ஏறியது.

பிரபாகருக்குப் பசித்தவன் சாப்பிட்டதுபோல இருந்தது.

அம்மாசி வந்து பக்கத்தில் நின்றார். கையில் திருநீற்றுத் தட்டு. நீட்டவில்லை.

"தீந்துச்சுங்க நம்ம கணக்கு," என்றார். "இனி எங்கூட்டுக்கு வந்தா உக்காருங்க."

சுதாராணி கூட்டத்திலிருந்து ஓடிவந்தாள். நெற்றியில் வியர்வையும் குங்குமமும் கலந்திருந்தன.

"ஐயா, சாமி எறங்கிருச்சுங்க. இனி விக்க முடியாதுல்லீங்க?"

"முடியாது."

"சொன்னனா தாத்தா! மாமங்கிட்டச் சொல்லிப்போடுங்க, இன்னும் நொம்ப நாளு நிக்கோணும்னு." அவரிடம் திரும்பினாள். "ஜூன்ல என்னைக்குங்க ஐயா காலேஜ் தொறக்கறீங்க?"

கார் நகர்ந்தது. நாகலூர் ரோட்டில் திரும்பிச் சேலத்தைப் பார்த்து இறங்கத் தொடங்கியது. பனி இறங்கியிருந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அதன் சிவப்பு விளக்குகள் தெரிந்தன, மறைந்தன, மறுபடி தெரிந்தன.

"ஐயா?"

அவள் கேட்டது காதில் விழுந்தது. கார் கண்ணிலிருந்து மறைய இன்னும் ஒரு வளைவு பாக்கி இருந்தது. அவர் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.